டப்பா இல்லாத புதையல்: மதுரையில் கஷ்டமான மலையைத் தேடிப் போகிறவர்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணி. மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டி இருக்கிறது கீழக்குயில்குடி. தாமரைக் குளத்தின் மேல் இன்னும் வெளிச்சம் முழுசாக விழவில்லை. அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு ஷூ லேஸை இறுக்கிக் கட்டுகிறவர்களை இங்கே பார்க்கலாம்.

இதில் மூன்று ரகம் உண்டு. மலையைச் சுற்றி வாக்கிங் போகிறவர்கள் முதல் ரகம். பாதி தூரம் ஏறி, ஒரு போட்டோ எடுத்து, ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு இறங்குகிறவர்கள் இரண்டாவது ரகம். மூன்றாவது ரகம் கொஞ்சம் வித்தியாசமானது. உச்சி வரை ஏறி இறங்கி வந்து, டீ குடித்துக்கொண்டே, "இதைவிடக் கஷ்டமான மலை எது?" என்று கேட்கும்.

இந்த மூன்றாவது ரகத்துக்காகவே உலகத்தில் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதன் பெயர் ஜியோகேஷிங். அந்த விளையாட்டின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மதுரையைப் பார்த்தால், தெரிந்த ஊரே வேறு மாதிரி தெரிகிறது.

பக்கெட்டில் ஆரம்பித்த கதை

ஜிபிஎஸ் என்பது அமெரிக்க ராணுவத்தின் பிள்ளை. பொதுமக்களுக்குக் கிடைக்கும் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துதான் ரொம்ப நாள் கொடுத்தார்கள். கருவி காட்டும் இடத்துக்கும் நிஜமான இடத்துக்கும் 100 மீட்டர் வரைகூட வித்தியாசம் இருக்கும். 2000-ம் ஆண்டு மே 2-ம் தேதி அந்தப் பிழையை நீக்கினார்கள். ஒரே இரவில் உலகத்தில் இருந்த ஜிபிஎஸ் கருவிகள் எல்லாம் கெட்டிக்காரத்தனமாகிவிட்டன.

மறுநாளே அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வேலை செய்தார். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் புத்தகம், வீடியோ கேசட், கவண், ஒரு டின் பீன்ஸ், ஒரு நோட்டு என்று கைக்கு வந்ததைப் போட்டுக் காட்டுப் பகுதியில் வைத்தார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். 'கண்டுபிடிங்கள். ஒன்றை எடுங்கள், ஒன்றை வையுங்கள். நோட்டில் எழுதுங்கள்.' இவ்வளவுதான் விதி. சில நாள்களுக்குள்ளேயே ஆட்கள் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இன்று அதே விளையாட்டை ஸ்மார்ட்போனிலேயே ஆடலாம். ஒருவர் டப்பாவை ஒளித்துவைப்பார். மற்றவர்கள் எண்களை வைத்துத் தேடிப்போவார்கள். கிடைத்தால் டப்பாவுக்குள் இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை அதே இடத்தில் வைத்துவிட்டு வரவேண்டும். 2008-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன ரிச்சர்ட் கேரியட் அங்கேயும் ஒன்றைப் பதிவு செய்துவிட்டு வந்தார்.

1 முதல் 5 வரை

ஒவ்வொரு டப்பாவுக்கும் இரண்டு மதிப்பெண் உண்டு. கண்டுபிடிக்க மூளைக்கு எவ்வளவு வேலை என்பதற்கு ஒன்று. போய்ச்சேர உடம்புக்கு எவ்வளவு வேலை என்பதற்கு இன்னொன்று. இரண்டாவதை 'டெரைன்' என்பார்கள். வீல்சேரிலேயே போய் எடுக்கலாம் என்றால் 1. கயிறு, படகு மாதிரி தனிச் சாதனமும் பயிற்சியும் வேண்டும் என்றால் 5. நடுவில் அரை அரை மதிப்பெண்ணாகக் கூடும்.

பெரும்பாலானவர்கள் ஆரம்பத்தில் 1, 1.5 என்று இருப்பதைத்தான் தேடுவார்கள். பூங்கா பெஞ்சின் அடியில் ஒன்று, விளக்குக் கம்பத்தில் ஒன்று என்று ஒரே நாளில் நிறைய எடுத்துவிடலாம். எண்ணிக்கை ஏறும். கொஞ்ச நாளில் சிலருக்கு அது சலித்துவிடும். காரில் இருந்து இறங்கி, பத்தடி நடந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறுவதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அவர்கள் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பிக் கஷ்டமானதில் இருந்து தேட ஆரம்பிப்பார்கள். ஒரு நாளில் ஒன்றுதான் கிடைக்கும். சில நாள் அதுவும் கிடைக்காது. ஆனால் அந்த ஒன்றைப் பற்றி வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இதில் டப்பாவே இல்லாத ஒரு வகையும் உண்டு. 2004-ல் வந்த அதன் பெயர் 'எர்த்கேஷ்'. எண்களைப் பின்பற்றிப் போனால் அங்கே ஒரு பாறையோ, நீரூற்றோ, குகையோ இருக்கும். நேரில் பார்த்தால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகள் கொடுத்திருப்பார்கள். பதில் அனுப்பினால்தான் கண்டுபிடித்ததாகக் கணக்கு.

மதுரைக்குப் பொருந்துவது இந்த வகைதான். இந்த ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் டப்பா வைக்கத் தேவையில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதி இல்லாமல் எதையும் வைக்கவும் கூடாது. ஒளித்துவைக்க வேண்டியதை எல்லாம் 2,000 வருஷத்துக்கு முன்னாலேயே ஒளித்துவைத்துவிட்டார்கள்.

மலைக்குள் போனவர்கள்

மதுரை சமவெளி. வயல், கண்மாய், பனைமரம் என்று தட்டையாகப் போய்க்கொண்டிருக்கும் நிலத்தில் திடீர் திடீரென்று மொட்டைப் பாறைக் குன்றுகள் எழும்பி நிற்கும். சமணத் துறவிகள் இந்தக் குன்றுகளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இயற்கையான குகைத்தளத்தில் பாறையைச் செதுக்கிப் படுக்கைகள் வெட்டினார்கள். மழைநீர் உள்ளே வராமல் இருக்கக் குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டினார்கள். படுக்கை வெட்டிக் கொடுத்தது யார் என்பதைப் பாறையில் தமிழி எழுத்தில் பொறித்தார்கள். தமிழ் மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் பல இப்படிப்பட்ட பாறை நெற்றிகளில்தான் இருக்கின்றன.

தேடிப்போகிறவர்களுக்கு இந்தக் காடிதான் முதல் துப்பு. போன் மேப் அடிவாரம் வரை சரியாகக் கூட்டிப்போகும். பாறை இடுக்குக்குள் நுழைந்ததும் நீலப் புள்ளி இங்கும் அங்கும் தாவ ஆரம்பிக்கும். அதற்கு மேல் கண்தான் வழிகாட்டி. நிமிர்ந்து பார்த்து, பாறையில் கோடு கிழித்த மாதிரி காடி தெரிந்தால், அதையொட்டி எழுத்து இருக்கிறதா என்று தேட வேண்டும்.

உடம்புக்கும் மூளைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை கூடும் வரிசையில் ஐந்து மலைகள் இங்கே. எர்த்கேஷ் பாணியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. பதில் கீழே இல்லை. மலையில் இருக்கிறது.

1. கீழக்குயில்குடி: ஒரு தாயின் கணக்கு

ஆரம்பிக்க ஏற்ற மலை. தென்மேற்குப் பக்கம் செட்டிப்புடவு என்ற குகை. உள்ளே பெரிய தீர்த்தங்கரர் சிற்பம். இன்னொரு பக்கம் கோயிலுக்குப் பின்னால் ஏறினால் சுனையோடு கூடிய பேச்சிப்பள்ளம். அங்கே பாறைச்சுவரில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். சுமார் 1,100 வருஷத்துக்கு முந்தையவை.

அதில் ஒரு சிற்பத்தைச் செய்யவைத்தவர் பெயர் குணமதியார். அவர் அச்சணந்தி என்ற துறவியின் தாய். அந்த அச்சணந்தியின் பெயர் யானைமலை, அழகர்மலை, கொங்கர் புளியங்குளம் என்று மலை மலையாகக் கிடைக்கிறது. தேனி மாவட்டத்து உத்தமபாளையம் வரை போயிருக்கிறது. ஏறிய மலையில் எல்லாம் ஒரு பதிவு வைத்துவிட்டுப் போன மனிதர். அவருடைய அம்மாவின் பெயரும் ஒரு பாறையில் நிலைத்துவிட்டது.

இன்னும் மேலே போனால் பாறையில் வெட்டிய படிகள். உச்சியில் ஒரு பழைய சமணப் பள்ளியின் அடித்தளம். அங்கே நின்றால் ஒரு பக்கம் நாகமலை பாம்பு மாதிரி நீண்டு கிடப்பது தெரியும்.

கேள்வி: பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்?

2. கீழவளவு: தலைகீழ் எழுத்து

மேலூரைத் தாண்டிப் போக வேண்டும். ஊர்க்காரர்கள் பஞ்சபாண்டவர் மலை என்பார்கள். உருண்டைப் பாறைகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிவைத்த மாதிரி நிற்கும் இடம். இங்கே உடம்புக்கு ஓரளவு வேலை, மூளைக்குத்தான் நிறைய வேலை. குகைத்தளத்தின் நெற்றியில் இருக்கும் தமிழிக் கல்வெட்டில் எழுத்துகள் தலைகீழாகவும் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறியும் இருக்கின்றன. படுக்கை வெட்டிக் கொடுத்தவர் தொண்டியைச் சேர்ந்தவர் என்பது அதன் செய்தி. கடற்கரையில் இருந்து இவ்வளவு தூரம் உள்ளே வந்து ஒருவர் கொடை கொடுத்திருக்கிறார்.

இந்த மலையைப் பார்த்துவிட்டுச் சுற்றிலும் ஒரு முறை பார்க்க வேண்டும். மேலூர் வட்டாரத்தில் கிரானைட் குவாரிகளுக்காகப் பல குன்றுகள் வெட்டப்பட்டுப் பள்ளங்களாகிவிட்டன. முறைகேடுகள் 2012-ல் பெரிதாக வெளிவந்தன. 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் சகாயம் ஐ.ஏ.எஸ். தலைமையில் விசாரிக்க உத்தரவிட்டது. மலை இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய குழியைப் பார்த்த பிறகு, மீதி இருக்கும் மலையில் கால் வைப்பதே வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: போட்டோ எடுத்துப் போனில் புரட்டிப் பாருங்கள். எந்த எழுத்து இப்போது நேராகிறது?

3. யானைமலை: படுத்திருக்கும் பாறை

மேலூர் சாலையில் ஒத்தக்கடை வரும்போதே தெரியும். யானை முன்காலை நீட்டிப் படுத்திருக்கிற மாதிரி, சில கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறை. அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரை. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் அமைச்சர் மாறன் காரி இதைக் குடைவித்தார். முடிப்பதற்குள் இறந்துவிட்டார். தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி முடித்தார். இது கி.பி. 770 சமயத்தில் நடந்தது என்று கல்வெட்டுச் சொல்கிறது. கொஞ்சம் தள்ளி முருகனுக்கு ஒரு குடைவரை, லாடன் கோயில். இதுவரை டெரைன் 1.5 கொடுக்கலாம்.

நடு உயரத்தில் பாறை நெற்றியில் சமணச் சிற்பங்கள். சுதை பூசி வண்ணம் தீட்டிய தடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். அதற்கு மேல் பிடிமானம் இல்லாத மொட்டைப் பாறை. காலை எட்டு மணிக்கு மேல் பாறை சூடாக ஆரம்பித்துவிடும். ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். தெரிந்தவர் துணை இல்லாமல் அங்கே போகக் கூடாது.

யானைமலையைச் சிற்ப நகரமாக மாற்றப்போவதாக ஒரு திட்டம் பேசப்பட்டபோது சுற்றுக் கிராம மக்கள் எதிர்த்து நின்றார்கள். அந்தச் சூழலில்தான் 2010-ல் எழுத்தாளர் அ.முத்துக்கிருஷ்ணனின் முன்னெடுப்பில் 'பசுமை நடை' தொடங்கியது. ஞாயிறு அதிகாலையில் கூடி, வரலாறு தெரிந்தவர்களோடு ஒரு மலைக்கு நடந்துபோய், அதன் கதையைக் கேட்டு, கூட உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்புவது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தாத்தா பாட்டிகளும் வருவார்கள். மதுரையில் பிறந்து வளர்ந்தும் இந்த மலைகளின் பெயர்கூடத் தெரியாமல் இருந்த நிறைய பேருக்கு, முதல் ஏற்றம் இப்படித்தான் வாய்த்தது.

கேள்வி: சிற்பங்களில் மிச்சமிருக்கும் வண்ணங்கள் எவை?

4. கிடாரிப்பட்டி: மலைக்குள் ஒரு சந்தை

அழகர்கோயிலுக்கு வருஷா வருஷம் போகிறவர்களில் பலர் அதே மலையின் இன்னொரு முனையைப் பார்த்திருக்க மாட்டார்கள். அழகர்மலையின் கிடாரிப்பட்டிப் பக்கம் ஒரு குகைத்தளம் இருக்கிறது. அடிவாரத்தில் இருந்து நல்ல ஏற்றம். புதர், கல், மறுபடியும் புதர். மேலே போனால் சுனை, கற்படுக்கைகள், அச்சணந்தி செய்வித்த ஒரு சிற்பம். நெற்றிப் பாறையில் வரிசையாகத் தமிழிக் கல்வெட்டுகள்.

படித்தால் ஒரு கடைத்தெருவே கண்முன் வரும். உப்பு வணிகர், பாணிதம் என்ற வெல்லப்பாகு வணிகர், கொழு வணிகர், அறுவை என்ற துணி வணிகர், பொற்கொல்லர். எல்லோரும் கொடை கொடுத்தவர்கள். இவர்களில் சிலரின் ஊர் 'மதிரை' என்று எழுதியிருக்கிறது. நம் மதுரைதான். அரசன் பெயரைவிட உப்பு விற்றவரின் பெயர் 2,000 வருஷம் நிற்பது இந்த மாதிரி இடத்தில் மட்டும்தான் நடக்கும். மாசி வீதிகளில் இன்று கடை வைத்திருப்பவர்களின் மூத்த பங்காளிகள் இந்தப் பாறையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: குகைக்குள் சுனை எந்தப் பக்கம், படுக்கைகள் எந்தப் பக்கம்? அங்கே தங்கியவர்கள் தலையை எந்தத் திசையில் வைத்துப் படுத்திருப்பார்கள்?

5. மாங்குளம்: 80 வருஷம் திறக்காத டப்பா

இந்தப் பட்டியலில் உடம்பை அதிகம் சோதிப்பது இதுதான். மாங்குளம் பக்கத்தில் மீனாட்சிபுரத்தை ஒட்டிய ஓவாமலை. கழுகுமலை என்றும் சொல்வார்கள். ஏற்றம் செங்குத்து. கை ஊன்ற வேண்டிய இடங்களும் உண்டு. நடுவில் நின்று தண்ணீர் குடிக்காமல் ஏறிவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

1882-ல் ராபர்ட் சிவெல் என்ற ஆங்கில அதிகாரி இந்தக் குகைக் கல்வெட்டுகளைப் பற்றி முதலில் குறித்தார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. இந்த வகைக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ்தான் என்பதை 1924-ல் கே.வி.சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். அதற்கும் 40 வருஷம் கழித்து, 1960-களில் ஐராவதம் மகாதேவன் இந்த மலைக்கு வந்தார். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்துகொண்டே எழுத்துகளின் பின்னால் அலைந்தவர். பாறையில் நேரடியாகப் படித்தபோது ஒரு பெயர் தெளிவானது. நெடுஞ்செழியன்!

சங்க இலக்கியத்தில் மட்டும் கேட்டிருந்த பாண்டிய மன்னர் பெயர் கல்லில் இருந்தது. அந்த நெடுஞ்செழியனின் பணியாளரான கடலன் வழுதி, கணி நந்தி என்ற துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார். 'வெள்ளறை நிகமம்' என்ற வணிகர் குழுவும் கொடையில் சேர்ந்திருக்கிறது. இவை சுமார் 2,200 வருஷப் பழமை உடையவை.

ஜியோகேஷிங் பாஷையில் சொன்னால், டப்பாவைக் கண்டுபிடித்த பிறகும் அதைத் திறக்க 80 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. காகிதத்தில் எடுத்த படியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் எவ்வளவு நாள் ஆகியிருக்குமோ. யாரோ ஒருவர் மலை ஏறிப் பாறைக்கு முன் நிற்க வேண்டியிருந்தது.

கேள்வி: வடக்கே வழங்கிய பிராமியில் இல்லாத எழுத்து 'ழ'. நெடுஞ்செழியன் பெயரில் அதைக் கண்டுபிடிக்க முடிகிறதா?

ஏறியவர்கள் கீழே வந்து செய்தது

மாங்குளம் மலையில் நின்று பார்த்தால் அரிட்டாபட்டிப் பக்கத்துக் குன்றுகள் தெரியும். அங்கேயும் தமிழிக் கல்வெட்டு, தீர்த்தங்கரர் சிற்பம், இலகுலீசர் சிற்பத்தோடு ஒரு சிவன் குடைவரை எல்லாம் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊர்களிலும் சேர்த்து 193 ஹெக்டேருக்கு மேற்பட்ட பகுதியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், கண்மாய்கள், ஊற்றுகள், லகர் வல்லூறு உள்பட சுமார் 250 வகைப் பறவைகள், தேவாங்கு, எறும்புத்தின்னி எல்லாம் அந்த அறிவிப்பில் வந்தன.

இரண்டே வருஷத்தில் வேறொரு செய்தி வந்தது. 2024 நவம்பரில், இந்தப் பகுதியையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் நாயக்கர்பட்டி தொகுதியில் டங்ஸ்டன் சுரங்க உரிமம் ஏலத்தில் ஒரு நிறுவனத்துக்குப் போனது. மேலூர் வட்டாரக் கிராமங்கள் கொதித்தன. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். கடைகளை அடைத்தார்கள். மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். டிசம்பர் 9-ம் தேதி சட்டமன்றம் ஏலத்தை ரத்து செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இந்தப் போராட்டத்தை நடத்தியவர்கள் அந்த ஊர் விவசாயிகள், பெண்கள், இளைஞர்கள். வயலும் கண்மாயும் கோயிலும் போய்விடும் என்று பயந்தவர்கள். அவர்கள் கையில் ஒரு வலுவான வாதமும் இருந்தது. எந்தக் குன்றில் எந்தக் கல்வெட்டு, எந்தப் பாறையில் எந்தப் பறவையின் கூடு என்று பல வருஷமாக ஏறி இறங்கிப் பதிந்து வைத்தவர்கள் இருந்தார்கள். ஆய்வாளர்கள், பறவை பார்ப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை நடைக்காரர்கள். யாரும் ஏறாத மலையை 'வெறும் பாறை' என்று சொல்வது சுலபம். ஏறிப் பார்த்தவர்கள் இருக்கும் ஊரில் அப்படிச் சொல்ல முடியாது.

நோட்டும் பாறையும்

அதே சமயம், மலைக்குப் போகிறவர்களாலும் மலைக்கு ஆபத்து உண்டு. சில குகைகளில் கற்படுக்கை மேலேயே பெயின்டில் பெயர்கள். இதயம் வரைந்து அம்பு விட்டு, நடுவில் இரண்டு பெயரின் முதல் எழுத்து. ஆணியால் கீறிய மொபைல் எண்கூட உண்டு. 2,200 வருஷம் மழைக்கும் வெயிலுக்கும் தப்பியது பத்து ரூபாய் ஆணிக்குத் தப்புவதில்லை.

ஜியோகேஷிங்கில் டப்பாவுக்குள் ஒரு நோட்டு வைப்பதே, வந்துபோனவர் பெயர் எழுத ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான். பெயர் எழுத ஆசைப்படுவது தப்பில்லை. கடலன் வழுதியும் குணமதியாரும் அதைத்தான் செய்தார்கள். அவர்கள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பெயர் எழுதினார்கள் என்பதுதான் வித்தியாசம். மலைக்குப் போகிறவர் வீட்டில் ஒரு நோட்டுப் போடலாம். தேதி, மலை, கூட வந்தவர்கள், கேள்விக்குக் கிடைத்த பதில். பத்து வருஷம் கழித்துப் பிள்ளைகள் எடுத்துப் படிக்கும்போது அதுவும் ஒரு புதையலாக இருக்கும்.

அந்த விளையாட்டில் இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு. தேடப் போகும்போது ஒரு காலிப் பையையும் எடுத்துப்போவார்கள். திரும்பும்போது வழியில் கிடக்கும் பாட்டில், பிளாஸ்டிக் கவரையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். மதுரை மலைகளில் அந்தப் பை சீக்கிரமே நிரம்பிவிடும்.

கிளம்பும் முன்

* தனியாகப் போக வேண்டாம். குறைந்தது மூன்று பேர். வீட்டில் எந்த மலை, எந்நேரம் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.
* காலை ஆறு மணிக்கு அடிவாரம், ஒன்பது மணிக்குள் இறக்கம். சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டைப் பாறை வேண்டாம்.
* ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பிடிமானம் உள்ள ஷூ. சில மலைகளில் செருப்போடு ஏறுவதை ஊர்க்காரர்கள் விரும்ப மாட்டார்கள். அடிவாரத்தில் கேட்டுவிட்டு ஏறுங்கள்.
* மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும். அன்று அடிவாரத்துக் குடைவரை போதும்.
* தேன்கூடு இருக்கும் பாறைகள் உண்டு. ஸ்பீக்கரில் பாட்டு, சென்ட், தீ மூட்டுதல் மூன்றும் கூடாது.
* கல்வெட்டின் மேல் சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். காலைச் சாய்வெயிலில் எழுத்து தானாகத் தெரியும்.
* ஓரத்தில் நின்று செல்ஃபி வேண்டாம்.

கண்டுபிடிக்கவில்லை என்று எழுதுங்கள்

கஷ்டமான மலை என்பது அவரவர் முழங்காலைப் பொறுத்தது. இருபது வயதுப் பையனுக்கு 2 மதிப்பெண் இருக்கும் கீழக்குயில்குடிப் படி, மூட்டுவலியோடு வரும் அம்மாவுக்கு 4. அவர் பேச்சிப்பள்ளம் வரை மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறி, குணமதியார் செய்வித்த சிற்பத்தின் முன் நின்றால், அன்றைய பெரிய ஏற்றம் அவருடையதுதான். பையன் ஓடி ஏறியது கணக்கில் வராது.

ஜியோகேஷர்கள் தேடிக் கிடைக்காமல் திரும்பினால் அதையும் பதிவு செய்வார்கள். 'கண்டுபிடிக்கவில்லை' என்று நேர்மையாக எழுதுவதற்கென்றே ஒரு பதிவு வகை இருக்கிறது. கஷ்டமானதைத் தேடிப்போகிறவர்களின் கணக்கில் இந்தப் பதிவுகள் நிறையவே இருக்கும். அவர்களுக்கு அதில் வெட்கமில்லை.

மாங்குளத்தில் பாதி ஏறும்போது மேகம் கறுத்தால், பாறை ஈரமானால், கூட வந்த ஒருவருக்குக் கால் நடுங்கினால், திரும்பிவிட வேண்டியதுதான். நோட்டில் எழுதலாம்: 'தேதி இது. மாங்குளம். பாதி வழி. மழை. நெடுஞ்செழியனைப் பார்க்கவில்லை.' இறங்கி வந்து மாங்குளத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு யார் யார் வருகிறார்கள் என்று அங்கேயே கேட்டுவைத்துக்கொள்ளலாம்.